முகத்தைக் கொத்தியவன்

டென்மார்க்கின் வைலே நகரில் ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் இடையில் ஒரு பட்டறை இருந்தது. கண்காட்சிகளுக்கு வேண்டிய மேடை, தட்டி, பொய்ச்சுவர் எல்லாம் அங்கே செய்வார்கள். இன்பநாதன் அதில் சேர்ந்து பதினொரு வருடம். அவ்வளவு காலமும் அவர் செய்தது ஒரே வேலை, பலகைகளுக்கு உருளையால் வெள்ளை பெயின்ற் அடிப்பது. மட்டக்களப்பில் அவர் போர்ட் எழுதுகிறவர். கடைப் பெயர், சினிமாத் தட்டி, பஸ்ஸின் பக்கவாட்டில் தாமரைப்பூ, எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். அது பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை. உருளை பிடிக்கிறவனிடம் யார் அதைக் கேட்கப் போகிறார்கள்?

2009 தை மாதத்தில் அது வெளியே வந்தது. ஓகூஸ் நகரில் உள்ள ஒரு அருங்காட்சியகம், எகிப்தியக் கல்லறை ஒன்றின் உள்ளறையை அப்படியே செய்து தரும்படி கேட்டிருந்தது. மூவாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய கல்லறை. அரசனுடையது அல்ல, தானியக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு அதிகாரியும் அவன் மனைவியும் கிடந்தது. வரைய வேண்டிய ஓவியன் பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பட்டறை முதலாளி ஹென்னிங் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்பநாதன் ஒரு நீள நூலைச் செங்காவியில் தோய்த்து, ஒரு முனையைத் தச்சன் பிறெபனிடம் பிடிக்கக் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டார். சுவரில் நேர்கோடு விழுந்தது. கோடு கோடாகப் போட்டுச் சுவரைக் கட்டங்களாகப் பிரித்தார். பிறகு படத்தைப் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் கணக்கு வைத்து, ஒரு வாத்தை வரைந்தார்.

ஹென்னிங் எழுந்து வந்து வாத்தைப் பார்த்தார்.

“பதினொரு வருடமாக உன் கையில் உருளையையா கொடுத்து வைத்திருந்தேன்?” என்றார்.

டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த ‘நீ’ வேறுமாதிரிக் கேட்டது.

நாலு மாதம் அவர் அந்த அறைக்குள்ளேயே கிடந்தார். பின்சுவரில் கணவனும் மனைவியும் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மேசை. அதில் உயரமான ரொட்டிகள், மாட்டுத் தொடை, கழுத்து மடங்கிய வாத்துகள், அத்திப்பழம், வெங்காயத் தாள், திராட்சைக் குலை, மேலே தாமரை. பக்கச் சுவர்களில் பணியாட்கள் வரிசையாகச் சாமான் சுமந்து வருவார்கள். ஆணுக்குச் செங்காவி நிறம், பெண்ணுக்கு மஞ்சள். வாரத்துக்கு ஒருமுறை அருங்காட்சியகத்திலிருந்து ஊல்லா என்ற பெண் வந்து, புகைப்படங்களைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஐம்பது வயதிருக்கும். நல்ல மனுசி. சந்தேகம் கேட்டால் சலிக்காமல் சொல்லுவாள்.

“இது அலங்காரம் இல்லை,” என்று ஒருநாள் சொன்னாள். “செத்தவர்களுக்குச் சாப்பாடு. பிள்ளைகள் உண்மையான ரொட்டி கொண்டுவந்து வைப்பார்கள். பேரப்பிள்ளைகளும் வைப்பார்கள். அதற்குப் பிறகு யார் வருவார்கள்? அதனால்தான் சுவரிலே வரைந்து வைத்தார்கள். படமும் அழிந்தால் எழுத்து. மேலே பார், ‘ஆயிரம் ரொட்டி, ஆயிரம் சாடி பியர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை, மெரித்துக்கு’ என்று இருக்கிறது. வழியால் போகிற யாராவது அதை வாய்விட்டு வாசித்தால் போதும். அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.”

மெரித் என்பது அந்த மனைவியின் பெயர். இன்பநாதனுக்கு இது பிடித்திருந்தது. போர்ட் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்க முடியாது என்று நினைத்தார்.

உண்மையான கல்லறையில் மெரித்தின் முகம் இல்லை. பழைய காலத்திலேயே யாரோ உளியால் கொத்திவிட்டார்கள். அருங்காட்சியகம் முதலில் கேட்டது, வரைந்த அன்று அந்த அறை எப்படி இருந்ததோ அப்படி. ஆகவே ஊல்லா அதே காலத்து வேறொரு கல்லறையிலிருந்து ஒரு முகத்தின் படம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஒரு முகத்துக்கு இன்பநாதன் இரண்டு கிழமை, பதினாலு நாள், எடுத்தார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான், நாடி தன் தங்கையின் நாடியாக வந்திருப்பதைக் கண்டார். சிறிய, முன்னுக்குத் தள்ளிய, பிடிவாதமான நாடி. அழித்துத் திருத்தவில்லை.

தங்கை யோகமலர் 95ஆம் ஆண்டு இயக்கத்துக்குப் போனாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. இன்பநாதன் டென்மார்க்குக்கு வந்து எட்டு வருடமாகியிருந்தது. 99இல் அவள் செத்தாள். மட்டக்களப்புக்கு வடக்கே, மாவீரர் துயிலும் இல்லத்தில், பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே புதைத்தார்கள். வருடா வருடம் கார்த்திகையில் அம்மா போய் விளக்கேற்றி, அவளுக்குப் பிடித்த பால்ரொட்டியும் வைத்துவிட்டு வருவாள். 2007இல் அந்த இடம் இராணுவத்தின் கைக்குப் போனது. புல்டோசர் வந்தது. அடுத்த கார்த்திகையில் அம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “மகன், அங்க ஒண்டும் இல்லை. புல்லு நிக்குது. மாடு மேயுது. எந்த இடமெண்டே என்னால சொல்லேலாமக் கிடக்கு.”

மே பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை, போர் முடிந்தது. அதற்கு முந்திய மாதம் முழுக்க வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. கடற்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் சனம் நெருக்குப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தது. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் செல் விழுந்தது. கோபன்ஹேகனில் ஊர்வலம் நடந்தது. இன்பநாதனும் இரண்டு தரம் போய்ப் பதாகை பிடித்தார். பாதையோரக் கடைகளில் வெயில் காய்ந்தபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஊர்வலம் எப்போது முடியுமென்று மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வேலைக்குப் போனபோது ஹென்னிங் கேக் வாங்கி வைத்திருந்தார்.

“றேடியோவில் கேட்டேன். உங்கள் போர் முடிந்துவிட்டதாமே! வாழ்த்துகள்!”

அந்த மனிதனின் முகத்தில் கள்ளமில்லை. நல்ல செய்திக்குக் கேக் வெட்டுவது அங்கே வழக்கம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாம். வாழ்த்துக்கு என்ன சொல்வது? கேக் துண்டை வாங்கி, மேசையில் வைத்துவிட்டு, அறைக்குள் போனார். பிறெபன்தான் பிறகு அந்தத் துண்டையும் சாப்பிட்டான்.

புதன்கிழமை ஊல்லா வந்தாள். கையில் புகைப்படங்கள். முகத்தில் ஒரு தயக்கம்.

“இன்பா, அருங்காட்சியகக் குழு முடிவை மாற்றிவிட்டது. புதிதாகக் காட்டினால் விளையாட்டுப் பூங்கா மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கல்லறை இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே காட்ட வேண்டும். மெரித்தின் முகத்தையும் பெயரையும் கொத்த வேண்டும். பணியாட்கள் சிலரின் கைகளையும்.”

அவர் பிறஷைக் கீழே வைத்தார். “ஏன் அவளை மட்டும் கொத்தினார்கள்?”

“குடும்பத்துக்கு எதிரிகள் இருந்திருக்கலாம். காரணம் தெரியாது. ஆனால் எதற்காக என்பது தெரியும். மூக்கு இல்லாவிட்டால் மூச்சு இல்லை. வாய் இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. பெயர் இல்லாவிட்டால் அந்த ஆயிரம் ரொட்டியும் யாருக்கு? அவளை இரண்டாம் தரம் கொன்றிருக்கிறார்கள்.”

ஏதோ பயிர்நோயைப் பற்றிச் சொல்வதுபோல அவள் சொன்னாள். ஹென்னிங் உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்து நீட்டினார். இன்பநாதன் வாங்கவில்லை.

“ஏலாது,” என்று தமிழில் சொன்னார். பிறகு டெனிஷில் சொன்னார். “நான் செய்யமாட்டேன்.”

“நீ வரைந்தது என்பதால் கஷ்டமாக இருக்கும், புரிகிறது,” என்றாள் ஊல்லா.

“உனக்கு ஒரு கோதாரியும் புரியாது!” கோதாரிக்கு டெனிஷில் சரியான சொல் கிடைக்கவில்லை, தமிழிலேயே வந்து விழுந்தது. “அவன் எதற்குக் கொத்தினான்? ஒருவரும் அவளைப் பார்க்கக் கூடாது என்று. ஒருவரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று. மூவாயிரம் வருடம் கழித்து அவன் வேலையை நீ முடித்துக் கொடுக்கிறாய். அதற்கு என்னிடம் உளி தருகிறாய். இந்தக் கிழமை! என்னிடம்!”

பட்டறையில் மரம் அறுக்கிற வாள் சத்தம் நின்றது. பதினொரு வருடத்தில் இன்பநாதன் அங்கே குரல் உயர்த்தியதில்லை.

ஊல்லாவும் விட்டுக்கொடுக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. “முழுசாக வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கொத்தினவன் ஒருவன் இருந்தான் என்பதே இல்லாமல் போகும். அவனுக்கு அது வசதியில்லையா?”

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பின்னால் ஹென்னிங், “வெள்ளிக்கிழமை பிறெபன் கொத்துவான்,” என்று சொல்வது கேட்டது.

மறுநாள் வியாழன், இயேசு விண்ணேறிய நாள், நாடு முழுக்க விடுமுறை. மனைவி தவமணிக்கும் முதியோர் இல்லத்தில் வேலையில்லை. அவர் குசினியில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. டெனிஷ்காரரைத் திட்டினார், ஐநா சபையைத் திட்டினார், கடைசிவரை வெல்லுவோம் என்று சொல்லிச் சனத்தைப் பிடித்து வைத்திருந்தவர்களைத் திட்டினார். தவமணி மரக்கறி வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, நான் ஒண்டு கேக்கட்டே? ஆரோ ஒரு எகிப்துக்காரிக்காக இவ்வளவு குதிக்கிறியள். யோகமலருக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“என்ன கதை கதைக்கிறீர்?”

“சிற்றிசன் போம் நிரப்பினது ஞாபகம் இருக்கோ? சகோதரங்கள் எத்தினை பேர் எண்டு கேட்டிருந்தவங்கள். நீங்கள் என்ன எழுதினீங்கள்?”

அவர் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார்.

“‘இல்லை’ எண்டு எழுதினீங்கள். அவள் அப்ப உயிரோட இருந்தவள்.”

“இயக்கத்தில ஒரு தங்கச்சி எண்டு எழுதியிருந்தா எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்! எல்லாரும் அப்பிடித்தான் எழுதச் சொன்னவங்கள்!”

“ஓம். பயத்தில எழுதினீங்கள். நான் பிழை சொல்லேல்லை, பக்கத்திலதான் இருந்தனான். ஆனா அவள் செத்த பிறகு? பத்து வருசமாச்சு. ஒரு இலை போட்டுப் படைச்சியளோ? ஒரு படம் கொழுவினியளோ? நான் கேட்டா, ‘அவள் தானாத் தேடிப் போன சாவு’ எண்டு போட்டு எழும்பிப் போறியள். புல்டோசர்காரன் ரெண்டாயிரத்தி ஏழிலதான் வந்தவன். நீங்கள் அவனுக்கு முந்திட்டியள்.”

இன்பநாதன் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டிக்குள் எறிந்தார். அது உடைந்தது. தவமணி பயப்படவில்லை. திரும்பிக் கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது, வெங்காயம் வெட்ட முன்னமே.

அவர் வெளியே போய் நடந்தார். ஃபியோர்ட் என்ற கடற்கழி ஓரமாகப் பாலம் வரை நடந்தார். விடுமுறைச் சனம் புல்லில் கிடந்து வெயில் காய்ந்தது. எல்லோர்மேலும் ஆத்திரமாக வந்தது. அந்தப் படிவத்தை எழுதிய பேனா கூட ஞாபகத்துக்கு வந்தது. நீலம். போர்ட் எழுதுகிறவனின் கையெழுத்தில், கட்டத்துக்குள் பிசகாமல், அழகாக எழுதிய ‘இல்லை’.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே பட்டறைக்குப் போனார். பிறெபன் உளியோடு அறை வாசலில் நின்றான்.

“தா,” என்றார் இன்பநாதன். “நான் செய்கிறேன்.”

பிறெபன் பெருமூச்சு விட்டுக் கொடுத்தான். அவனுக்கும் அதைச் செய்ய மனமில்லை.

ஆனால் அவர் உடனே தொடங்கவில்லை. ஊல்லா வரும்வரை காத்திருந்தார். அவள் வந்ததும், சுவருக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் விளக்கப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். தானிய அதிகாரி, மனைவி மெரித், படையல் மேசை, நிறங்கள் எதிலிருந்து எடுக்கப்பட்டன என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘ஓவியம் பிற்காலத்தில் சேதமடைந்தது.’

அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“சேதமடைந்தது. தானாக அடைந்ததா? மழை பெய்ததா?”

“பொதுவாக அப்படித்தான் எழுதுவோம், இன்பா.”

“யார் செய்தது என்று எழுது.”

“யார் என்று தெரியாதே.”

“மனிதர்கள் என்று தெரியும். உளி என்று தெரியும். எதற்காக என்று புதன்கிழமை நீயே சொன்னாய். கொத்தினவனை மறைக்கக் கூடாது என்றுதானே என்னைக் கொத்தச் சொல்கிறாய்? பிறகு எழுத்தில் அவனை ஏன் ஒளிக்கிறாய்? நீ எழுது, நான் கொத்துகிறேன். எழுதாவிட்டால் இந்தச் சுவரில் ஒருவனும் கை வைக்கமாட்டான்.”

ஹென்னிங், “இடம் போதாதே,” என்று இழுத்தார்.

“வாத்தைப் பற்றி மூன்று வரி இருக்கிறது,” என்றார் இன்பநாதன். “வாத்தை வெட்டு.”

ஊல்லா தாளைச் சுவரில் வைத்து, வாத்தைப் பற்றிய வரிகளைக் கோடிட்டு அடித்தாள். கடைசி வரியையும் அடித்தாள். கீழே எழுதி வாசித்துக் காட்டினாள்: ‘மனிதர்கள் இந்தப் பெண்ணின் முகத்தையும் பெயரையும் உளியால் வேண்டுமென்றே கொத்தினார்கள். செத்த பிறகும் அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு கிடைக்கக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள்.’

“சரியா?”

“சரி.”

புகைப்படத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு அவர் கொத்தினார். முதல் அடி மூக்கில். சாந்து உதிர்ந்து காலில் விழுந்தது. புகைப்படத்தில் இருந்த ஒவ்வொரு காயத்துக்கும் உளியைச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்க்கச் சாய்க்க, அந்தப் பழைய மனிதனின் கை அவருக்குத் தெரிய வந்தது. தொழில் தெரிந்தவன் இல்லை. அவசரக்காரன். பெயரைத் தேடியவனுக்கு வாசிக்கவும் தெரியாது, ஏனென்றால் ரொட்டியைக் குறிக்கும் எழுத்துகளையும் சேர்த்துக் கொத்தியிருந்தான். நாற்காலிக்குப் பின்னால் மூலையில் சின்னதாக இருந்த மெரித் என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டான். யாரோ அனுப்பி வந்தவன். சொன்னதைச் செய்துவிட்டுப் போனவன். அவனை நினைக்க நினைக்க இன்பநாதனின் பல்லு நெருமியது. அவனை அனுப்பியவனை நினைத்தால் இன்னும்.

நாடி கடைசியில் வந்தது. புகைப்படத்தில் அந்த இடம் முழுதாகப் போயிருந்தது. ஒரு நிமிடம் நின்றார். மூன்று அடியில் முடித்தார். முடித்துவிட்டு உளியை அறையின் மூலைக்கு வீசினார். அன்று வேறு வேலை செய்யவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஆனி மாதம் நடுப்பகுதியில் கண்காட்சி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரும் தவமணியும் ரயிலில் ஓகூஸுக்குப் போனார்கள். அறைக்குள் சனம் நிறைய. ஒரு வயதான மனிதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விளக்கப் பலகையை வாசித்தார். ‘ஒரு வாய் சாப்பாடு’ என்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு சுவரைப் பார்த்து, “பன்றிகள்,” என்று சத்தமாகச் சொன்னார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

“ஆரை ஏசுறார்?” என்று தவமணி கேட்டாள்.

“கொத்தினவனை.”

“அப்ப உங்களையும்தான்.”

“ஓம். என்னையும்தான்.”

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல்கள் மஞ்சளாக ஓடின. ரயில் ஹோர்சன்ஸ் நிலையத்தைத் தாண்டியது. அவர் திடீரென்று சொன்னார்.

“அவள் எனக்கொரு கடிதம் போட்டவள். தொண்ணூற்றாறில. உமக்குச் சொல்லேல்லை.”

தவமணி திரும்பிப் பார்த்தாள்.

“நல்ல ஏச்சு. ‘அண்ணா, அம்மாவை என்ர தலையில கட்டிப்போட்டு நீ மட்டும் பிளேன் ஏறினாய். இப்ப நான் ஏன் போனனான் எண்டு கேக்க உனக்கு வாயில்லை’ எண்டு. ரெண்டு பக்கம். ஒரு இடத்திலயும் சுகமோ எண்டு கேக்கேல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. என்னை இவள் கேக்கிறதோ எண்டு. கிழிச்சு எறிஞ்சுபோட்டன். பதில் போடேல்லை. மூண்டு வருசம் உயிரோட இருந்தவள், நான் ஒரு எழுத்து எழுதேல்லை.”

“வேற என்ன எழுதியிருந்தவள்?”

“எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு சொல்லும் விடாமல்.”

“சொல்லுங்கோ.”

அவர் சொல்லத் தொடங்கினார். தங்கையின் கோபம் அவர் குரலில் ஏறியது. முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைலே வந்தது. இறங்கினார்கள். கடிதம் இன்னும் முடியவில்லை. தவமணி நடைமேடையில் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. ரயில் புறப்பட்டுப் போன பிறகும், நின்றபடியே, யோகமலர் தன்னைத் திட்டியதை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.